மேற்குச் சுவர்

“அம்மா, என் வீட்டுக்கு முகம் இல்லை.”

செண்பகவல்லி டீச்சர் இதைச் சொன்னபோது மடத்து அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“முதுகு இருக்கா?”

“அது மட்டும்தான் இருக்கு.”

“அப்போ முகமும் எங்கேயாவது இருக்கும்” என்று அம்மை அடுத்த கொத்தை எடுத்தாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. அவள் கோபமாக இருந்தாள். முப்பத்துமூன்று வருஷக் கோபம்.

மடம் ஊருக்கு வெளியே, பாறைக்குன்றின் அடியில் இருந்தது. ஒரு கூடம், ஒரு அடுப்படி, ஒரு கிணறு. மத்தியானம் யார் வந்தாலும் சோறு உண்டு. அம்மைக்கு நாற்பது வயது இருக்கும். எங்கிருந்து வந்தாள் என்று அவளும் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை.

டீச்சருக்கு வயது அறுபத்துமூன்று. கணவர் இறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மடத்துக்கு வந்தாள். சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுப் போகாமல், தட்டுகளைக் கழுவ உட்கார்ந்துவிட்டாள். அதன்பின் நாலு வருஷமாக ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை.

அம்மையை அவள் குருவாக வரித்துக்கொண்டாள். அம்மை சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. ஊரார் கூப்பிடுவதுபோல அவளும் ‘டீச்சர்’ என்றே கூப்பிட்டாள்.

அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை.

“நாளைக்குச் சாயங்காலம் கொத்தனார் அளவெடுக்க வர்றாரு. மறுநாள் தெருப்பக்கத்துச் சுவரை உடைச்சு வாசல் வைக்கப் போறேன். நீங்க ஒரு வார்த்தை, நல்லதுன்னு சொல்லணும்.”

“எதுக்கு உடைக்கணும்?”

எதுக்கு என்று கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் டீச்சர் எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவர்கள் தெரு தெற்கு வடக்காக ஓடுகிறது. அதில் கிழக்கு வரிசையில் அவள் வீடு. அந்த வரிசையில் எல்லா வீட்டு வாசலும் மேற்கே தெருவைப் பார்த்திருக்கும். அவள் வீட்டுக்கு மட்டும் தெருப்பக்கம் மொட்டைச் சுவர். கதவு கிடையாது. ஜன்னல் கிடையாது. உள்ளே போக வேண்டுமானால் பக்கத்துச் சந்தில் நுழைந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் கிழக்கு வாசலுக்கு வர வேண்டும்.

புதிதாக வருகிற தபால்காரர்கள் சுவர் முன்னால் நின்று மணி அடித்துக்கொண்டே இருப்பார்கள்.

கட்டியவர் அவள் கணவர் குத்தாலிங்கம். மின்கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் வயர்மேன். அதிகம் பேசாத மனிதர்.

“நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்து தெருவுல இறங்கினா, வீடு எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது.”

“ஏன்னு கேட்டீங்களா?”

“ஊரே காரணம் சொல்லிச்சு. எதிர்வீடு அவரோட அண்ணன் வீடு. பூர்வீக இடத்தைப் பிரிக்கையில ரெண்டு பேருக்கும் சண்டை. அண்ணன் முகத்துல முழிக்கக் கூடாதுன்னு தம்பி சுவர் எழுப்பிட்டான்னு பேசினாங்க. அந்த அண்ணனும் போய்ச் சேர்ந்தாச்சு. தம்பியும் போயாச்சு. சுவரு மட்டும் நிக்குது.”

“அவரைக் கேட்டீங்களா?”

“ஒரே ஒரு தடவை கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“‘வெயிலு’ன்னாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? அவ்வளவுதான். வெயிலு. கேட்டவளுக்கு வாயடைக்க ஒரு வார்த்தை.”

அம்மை கீரைக் காம்புகளை ஒதுக்கினாள்.

டீச்சரின் குரல் இறங்கியது.

“அவரைத் தூக்கிக்கிட்டுப் போகையில சந்துல பாடை திரும்பல அம்மா. ஒருக்களிச்சுத் தூக்கினாங்க. மூங்கில் சுவத்துல உரசிச்சு. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. என்னையாவது நேரா தெருவுக்குக் கொண்டு போகட்டும்.”

அம்மை உருவிய கீரையை முறத்தில் பரப்பினாள்.

“பள்ளிக்கூடத்துல எத்தனாம் வகுப்பு எடுத்தீங்க டீச்சர்?”

“மூணாம் வகுப்பு. முப்பது வருஷம்.”

“திசை எல்லாம் சொல்லிக் கொடுத்தீங்களா?”

“கொடுக்காமலா? சூரியன் உதிக்கிற திசை கிழக்கு.”

“சரி” என்றாள் அம்மை. “நாளைக்கு விடிஞ்சதும் உங்க வீட்டுக்கு வரேன். சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்.”

டீச்சருக்கு நம்ப முடியவில்லை. அம்மை மடத்தை விட்டு எந்த வீட்டுக்கும் போனதில்லை.

“மடத்துச் சோறு?”

“ஆள் சொல்லிட்டு வரேன். எனக்கும் ஒருநாள் யாராவது சோறு போடட்டுமே.”

*

விடிந்ததும் அம்மை வந்தாள். தோளில் ஒரு துணிப்பை. கையில் சுருட்டிய கோரைப்பாய்.

சந்தில் நுழையும்போது தோள் இடிக்காமல் இருக்க ஒருக்களித்து நடந்தாள். அதைப் பார்த்த டீச்சருக்கு முகம் சுருங்கியது.

“நான் என்ன செய்யணும் அம்மா?”

“தினமும் செய்யறதைச் செய்யுங்க.”

“நீங்க?”

“நான் சும்மா இருக்கேன்.”

அம்மை கிழக்கு வாசலுக்கு உள்ளே, கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தாள். பங்குனி மாதத்துச் சூரியன் கிணற்றடி வேம்புக்குப் பின்னால் எழுந்து, வாசல் வழியாக நேராக வந்து அவள் மடியில் விழுந்தது. அம்மை அதைப் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் கிழக்கு ஜன்னல் வைத்த அடுப்படிக்குள் போனாள். தேங்காய் துருவினாள். அரிசி களைந்தாள்.

“டீச்சர், லைட் போடலையா?” என்று அம்மை கூடத்திலிருந்து கேட்டாள்.

“எதுக்கு?”



அரிசியை உலையில் போட்டுவிட்டு டீச்சரே பேசினாள். “வேலைக்குப் போன காலத்துல ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கணும். ஆறரை மணிக்கே அடுப்படியில பளிச்சுன்னு இருக்கும். அரிசியில கல்லு கிடந்தா தெரியும். ஊர்ல கரண்டு இல்லாத நாள்லயும் எனக்குப் பஸ் தப்பினதில்ல.”

“அப்படியா” என்றாள் அம்மை.

“வயர்மேன் வீட்டுல கரண்டு இல்லைன்னு சிரிப்பாங்க” என்று சொல்லி டீச்சர் தானும் கொஞ்சம் சிரித்தாள்.

ஒன்பது மணிக்கு வெயில் பாயை விட்டு வாசல்படிக்கு இறங்கியது. பத்து மணிக்கு முற்றத்துக்குப் போனது. அம்மை பாயை நகர்த்தவே இல்லை. வெயில்தான் எழுந்து போயிற்று.

மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். சோறு, முருங்கைக்காய்ச் சாம்பார், கத்தரிக்காய்ப் பொரியல். அம்மை தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

“நாலு வருஷமா என் தட்டைக் கழுவுறீங்க. இன்னைக்கு நான் கழுவுறேன்” என்று எழுந்தாள். டீச்சர் தடுத்தும் கேட்கவில்லை.

*

இரண்டு மணிக்கு முன்பே பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் வந்துவிட்டாள். இடுப்பில் பீடித் தட்டு. பின்னாலேயே இன்னும் இரண்டு பெண்கள். ஒருத்தி கொட்டை எடுக்கப் புளி கொண்டுவந்திருந்தாள். இன்னொருத்தி முந்தானையை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

அம்மையைப் பார்த்ததும் மூவரும் கும்பிட்டார்கள்.

“தினமும் வருவீங்களா?” என்று அம்மை கேட்டாள்.

“மாசி பிறந்ததும் வர ஆரம்பிச்சிருவோம் அம்மா. எங்களுக்கு டீச்சரக்கா வீடுதான் குத்தாலம்” என்றாள் பேச்சித்தாய்.

“பேசிக்கிட்டு இருக்கலாம்னு வருவாங்க” என்றாள் டீச்சர்.

“பேச்சு என்ன பேச்சு? வெயிலுக்கு ஒதுங்க வாரோம்.”

டீச்சரின் முகம் மாறியது. “அப்போ என்னைப் பார்க்க வரலையா நீ?”

“உங்களையும்தான்க்கா” என்று பேச்சித்தாய் பீடி இலையை நறுக்கினாள்.

படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

அம்மை எழுந்தாள். “உங்க வீட்டைப் பார்க்கலாமா?”

“இப்பவா?” பேச்சித்தாய் திகைத்தாள். “இந்நேரத்துல எங்க வீட்டுக்குள்ள நானே போக மாட்டேனே.”

“ஒரு நிமிஷம்.”

அம்மையும் டீச்சரும் பேச்சித்தாயும் சந்து வழியாகத் தெருவுக்கு வந்தார்கள். தெரு வெள்ளை வெளேரென்று எரிந்துகொண்டிருந்தது. ஒரு நாய்கூட இல்லை.

பேச்சித்தாய் வீட்டு வாசலில் ஈரச் சாக்கு தொங்கியது. முக்கால்வாசி காய்ந்துவிட்டிருந்தது. அதை விலக்கியதும் வெயில் அவர்களுக்கு முன்னால் வீட்டுக்குள் போயிற்று. தரையில் கால் வைக்க முடியவில்லை. பானைத் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது.

“மூணு மணிக்குச் சாமி படம் வரைக்கும் வந்திரும்” என்றாள் பேச்சித்தாய். “ஆறு மணிக்குத்தான் போகும். அது போனாலும் சுவரு விடாது. கங்கு மாதிரி அனத்தும். ஆடி மாசம் வந்து பாருங்க. மேல்காத்து தெருப்புழுதியை அள்ளிக்கிட்டு வந்து சோத்துல போடும். மூணு வேளை கூட்டுறேன்.”

“வாசலை மாத்தலாமே?” என்றாள் அம்மை.

“பின்னாடி இடம் எங்க இருக்கு? இருந்த இடத்தை எல்லாம் அடைச்சு முன்னாடியே வாசல் வச்சாச்சு. நாலு பேரு பார்க்கணும்ல.” அவள் சேலையால் முகத்தைத் துடைத்தாள். “இந்தத் தெருவுல டீச்சரக்கா வீட்டு அண்ணாச்சி ஒருத்தருக்குத்தான் வெயிலைத் தெரிஞ்சிருக்கு. என் மூத்தவனுக்கு அம்மை போட்டப்போ பத்து நாள் அவரு வீட்டுல பாய் போட்டுக் கொடுத்தாரு. மறப்பேனா?”

டீச்சருக்கு அது நினைவிருந்தது. ஆனால் பிள்ளையை எதற்காகத் தன் வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள் என்று அவள் யோசித்ததில்லை. அவள் வேப்பிலை ஒடித்துக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

திரும்பும்போது அம்மை டீச்சர் வீட்டு மொட்டைச் சுவரின் முன் நின்றாள். வலது உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

டீச்சரைப் பார்த்தாள்.

டீச்சரும் கையை வைத்தாள். “ஸ்” என்று உதறினாள்.

சந்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அம்மை கூடத்தைக் கடந்து அதே சுவரின் உட்பக்கத்துக்குப் போனாள். கையை வைத்தாள். எடுக்கவில்லை.

டீச்சர் பக்கத்தில் வந்து கையை வைத்தாள்.

குடத்தின் வயிற்றைத் தொடுவதுபோல இருந்தது.

“எத்தனை அங்குலம்?” என்று அம்மை கேட்டாள்.

“மத்த சுவரெல்லாம் ஒன்பது. இது பதினாலு.” டீச்சர் கையை எடுக்காமலே சொன்னாள். “அண்ணன் மேல உள்ள கோபத்துக்கு அளவுன்னு சொல்லிச் சிரிப்பாங்க.”

*

மூன்றரை மணிக்குப் பெண்கள் புளியிலும் பீடியிலும் மூழ்கியிருந்தார்கள். டீச்சர் அம்மையின் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

“சரி, வெயிலுக்குத்தான் கட்டினாருன்னே வச்சுக்குவோம்” என்றாள் மெதுவாக.

“ம்.”

“நாள் முழுக்கக் கம்பத்துல நின்னு காஞ்ச மனுஷன். வீட்டுக்கு வந்தா நிழல் வேணும்னு நினைச்சிருப்பாரு. நியாயம்தான். ஆனா அது அவரோட வெயில் அம்மா. அவரோட நிழல்.”

“ம்.”

“என்னை எங்கேயாவது நினைச்சாரா? அதுதான் என் மனசுல கிடக்கு. சாப்பாடு நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. புதுச் சேலை கட்டினா பார்த்ததில்ல. முப்பது வருஷம் கூட இருந்தேன். நான் இன்னாருன்னு அவருக்குத் தெரியுமான்னே எனக்குத் தெரியல.”

அம்மை துணிப்பையைத் திறந்தாள். ஒரு கட்டுத் தபால் கார்டுகளை எடுத்தாள்.

“இந்த மாசம் மடத்துக்கு அரிசி கொடுத்தவங்க இருபத்தாறு பேரு. நன்றின்னு எழுதணும்.”

மாதாமாதம் அதை எழுதுகிறவள் டீச்சர்தான். வெள்ளிக்கிழமை மடத்திலிருந்து எடுத்துவந்து வீட்டில் எழுதி அனுப்புவாள். மனத்தில் இருந்த பாரத்துக்குப் பதில் வராமல் கையில் கார்டு வந்ததில் அவளுக்கு ஏமாற்றம். ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

கூடத்தை ஒட்டிய சின்ன அறை அவளுடையது. மேற்குச் சுவரில் பதித்த ஒரு கடப்பைக்கல், அதுதான் மேஜை. அதற்கு வலது கைப்பக்கம், வடக்குச் சுவரில், மூலையை ஒட்டி ஒரு ஜன்னல். அதில் நேர்வெயில் வராது. ஆனி மாதத்தில் மட்டும் பொழுது சாயும்போது ஒரு கீற்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். மற்றபடி நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம்.

டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். இடது கையில் பேனாவை எடுத்தாள்.

அவள் இடது கைக்காரி. சின்னப் பிள்ளையில் அந்தக் கையைத் துணியால் கட்டிப்போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் மணிக்கட்டில் பிரம்பு விழுந்தது. கல்யாணமான புதிதில் இடது கையால் கரண்டி பிடித்ததற்கு மாமியார் மூன்று நாள் பேசவில்லை. சோற்றையும் பரிமாறுவதையும் வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். எழுத்து மட்டும் மாறவில்லை. ஆயிரக்கணக்கான நோட்டுகளை அந்தக் கையால்தான் திருத்தினாள்.

குத்தாலிங்கம் அதைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அம்மை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாறு கார்டு முடிந்தது.

“நானும் ஒண்ணு எழுதிப் பார்க்கட்டா?”

டீச்சர் எழுந்து இடம் கொடுத்தாள். அம்மை உட்கார்ந்து வலது கையில் பேனாவைப் பிடித்தாள். இரண்டு வரி எழுதியதும் நிறுத்தினாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கார்டைத் திருப்பிப் பார்த்தாள்.

“உங்க மேஜை எனக்கு ஆகல டீச்சர். என் கை நிழல் என் எழுத்து மேலயே விழுது.”

“எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க அம்மா. என் மகளும் இதுல உட்கார்ந்து படிச்சதே இல்ல. அவரு கோணலாப் பதிச்சுட்டுப் போயிட்டாரு. கல்லு, நகர்த்தவும் முடியாது.”

“உங்களுக்கு?”

“எனக்குப் பழகிப்போச்சு” என்று டீச்சர் மறுபடி உட்கார்ந்து அடுத்த கார்டை எடுத்தாள்.

*

நாலரை மணிக்குக் கொத்தனார் சொள்ளமுத்து வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். தோளில் துண்டு, கையில் டேப், காதில் செருகிய பென்சில். அம்மையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

“தெருப்பக்கத்துச் சுவரை உள்ளேயிருந்து அளக்கணும் டீச்சர். ரெண்டு நிமிஷம்.”

அறைக்குள் வந்தவர் டேப்பை இழுத்தார். இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“டீச்சர்… நீங்க இடது கையா?”

“ஆமா. ஏன்?”

“எப்பவுமேவா?”

“பிறந்ததுல இருந்தே.”

சொள்ளமுத்துவின் டேப் சர்ரென்று சுருங்கி உள்ளே போனது.

“அடப்பாவி மனுஷா” என்றார் அவர்.

“யாரைச் சொல்றீங்க?”

“அண்ணாச்சியைத்தான். கோவிச்சுக்காதீங்க.” அவர் தரையில் குந்தி உட்கார்ந்தார். “இந்த வீடு கட்டுகையில நான் சாந்துச் சட்டி தூக்கினேன் டீச்சர். எங்க பெரிய கொத்தனார்தான் கட்டினாரு. இந்தக் கல்லை நாங்க முதல்ல இங்க பதிக்கல. அந்தா, எதிர்ச்சுவர்ல பதிச்சோம். சாயங்காலம் அண்ணாச்சி டூட்டி முடிஞ்சு வந்தாரு. செங்கல்லை அடுக்கி அதுமேல உட்கார்ந்தாரு. சிமெண்ட் பைத் தாளைக் கிழிச்சுக் கல்லுல வச்சாரு. சட்டைப் பையில இருந்து ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து எழுதிப் பார்த்தாரு.”

“எழுதினாரா?”

“எழுதினாரு. அப்புறம் கல்லைப் பெயருங்கன்னாரு. இந்தப் பக்கம் மாத்தினோம். மறுநாள் வந்து மறுபடியும் எழுதினாரு. ஜன்னல் அப்போ தள்ளி இருந்துச்சு. இதை அடைச்சுட்டு மூலையில திறங்கன்னாரு. பெரிய கொத்தனாருக்கு வந்துச்சே கோபம். பூச்சு ஈரம்கூடக் காயல. வயர்மேனுக்கு எதுக்குவே எழுத்து மேஜைன்னு கத்தினாரு.”

கூடத்தில் பீடி இலை நறுக்கும் சத்தம் நின்றுவிட்டது.

“எங்களுக்குச் சிரிப்பு என்னன்னா, அவ்வளவும் இடது கையால எழுதினாரு டீச்சர். பென்சில் பிடிக்கவே வரல. நாக்கைக் கடிச்சுக்கிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி எழுதினாரு. கம்பத்துல ஏறினா வலது கையாலதான் குறடு பிடிப்பாரு, நாங்க பார்த்திருக்கோம். கைக்கு என்ன அண்ணாச்சி, அடி கிடி பட்டுட்டான்னு நான் கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“சொல்லலையே. சிரிச்சாரு.”

டீச்சரின் பேனா கார்டின் மேல் அசையாமல் நின்றது. அது நின்ற இடத்தில் மை ஊறிப் பெரிய புள்ளியானது.

“என்ன எழுதினாரு?” என்று கேட்டாள்.

“எழுத்தா அது? கோழி கிண்டின மாதிரி இருந்துச்சு. வெறும் மார்க்குதான். பத்துக்கு ஆறு, பத்துக்கு ஏழுன்னு. சரி போட்டாரு. தப்புப் போட்டாரு. நிழல் விழுதான்னு குனிஞ்சு குனிஞ்சு பார்த்தாரு. ஜன்னலை மாத்தின பிறகு வந்து உட்கார்ந்து, பத்துக்குப் பத்துன்னு பெருசா ஒண்ணு போட்டுட்டு எழுந்திரிச்சாரு. இனி பூசலாம்னாரு.”



வடக்கு ஜன்னலின் வெளிச்சம் டீச்சரின் வலது கன்னத்தில் இருந்தது. அவள் இடது கையை விரித்துக் கல்லின் மேல் வைத்தாள். கையின் நிழல் எழுத்தை விட்டு விலகி, இடப்பக்கமாக விழுந்திருந்தது. முப்பத்துமூன்று வருஷமாக அது அங்கேதான் விழுந்துகொண்டிருந்தது.

சொள்ளமுத்து எழுந்து வேட்டியைத் தட்டினார்.

“வாசல் எந்த இடத்துல வரணும் டீச்சர்? சொன்னா கோடு போட்டுருவேன்.”

“வாசல் வேண்டாம்.”

“வேண்டாமா?”

“சந்தை ஒட்டி இருக்கிற காம்பவுண்டு நம்ம சுவருதானே. அதை எடுத்துட்டு நம்ம இடத்தையும் சந்தோட சேர்த்திருங்க. நாலு பேரு தோளோட தோள் நின்னு நடக்கிற மாதிரி அகலமா இருக்கணும்.”

“அது ஒரு நாள் வேலை.”

“நாளைக்கே வாங்க. காலையில இங்கேயே சாப்பிடலாம்.”

கொத்தனார் போனார். பேச்சித்தாய் எழுந்து வந்து டீச்சரின் தோளை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனாள். மற்ற இருவரும் அவள் பின்னால் போனார்கள்.

டீச்சர் மிச்சக் கார்டுகளையும் எழுதி முடித்தாள். மை ஊறிய கார்டைக் கிழிக்கவில்லை. அதிலும் முகவரி எழுதினாள். இருபத்தாறையும் அடுக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

அம்மை பாயைச் சுருட்டிவிட்டு, மேற்குச் சுவரை ஒட்டி, புறப்படத் தயாராக நின்றிருந்தாள்.

டீச்சர் கார்டுகளை அவள் பையில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்டியிட்டு, அம்மையின் காலில் விழக் குனிந்தாள்.

அம்மை ஒரு எட்டு விலகி நின்றாள்.

டீச்சரின் நெற்றி மேற்குச் சுவரடியில் படிந்தது.